அழித்து எழுதுவோன் அறம்

ஸ்ரீ:



திருஎவ்வுள் என்று ஆன்றோர் போற்றும் இத்திருவள்ளூரில் ஸ்ரீ வைத்ய வீரராகவப் பெருமானின் ப்ரஹ்மோத்ஸவத்தை ஸேவிக்க, வெகுதூரத்திலிருந்து நீங்கள் வந்து கூடியிருக்கிறீர்கள். மலர்க்குழுவினர் தத்துவ விஷயமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று பணித்தபோது, சரணாகதியைப் பற்றியோ ஸ்தல மஹிமையைப் பற்றியோ எழுதலாம் என்றே அடியேன் எண்ணியிருந்தேன். ஆனால் தை அமாவாசையன்று ஹ்ருத்தாபநாசினிப் புஷ்கரிணியின் படிக்கட்டில் ஓர் இளைஞன் கேட்ட கேள்வி, அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. நாள் பல சென்றும் அக்கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆகவே அதனையே உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

அடியேன் ஐம்பத்தாறு பிராயத்தவன். ஸம்ஸ்க்ருத பாடசாலையில் பயின்று, இவ்வட்டாரத்துச் சிறிய ஸந்நிதி ஒன்றில் கைங்கர்யம் செய்து வருபவன். கணினி நூலை முறையாகக் கற்றவன் அல்லன். கீழே அதைப் பற்றி எழுதுவதில் பெரும்பகுதி அந்த இளைஞன் பொறுமையுடன் விளக்கிச் சொன்னது. சொல்லில் பிழையிருப்பின் அது அடியேனுடையது.

ஓர் இளைஞனின் கேள்வி

அன்று உதயத்திற்கு முன்பே திருக்குளக்கரை நிறைந்துவிட்டது. பித்ரு தர்ப்பணம் செய்வோர் ஒருபுறம். வேண்டுதலுக்காக வெல்லத்தை நீரில் கரைப்போர் மற்றொரு புறம். அந்தக் கூட்டத்தில், இவ்வூர்ப் பையன் ஒருவன் தனியே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். சிறு வயது முதலே அறிந்த பிள்ளை. பொறியியல் படித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில், ஆந்திர எல்லையை நெருங்கும்போது இருபுறமும் உலைகளும் உருக்காலைகளும் பட்டறைகளும் தென்படுமே, அந்தப் பகுதி.

"என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறதே" என்று கேட்டேன். அவன் சொன்னது இது.

அவன் வேலை செய்யும் இடத்தில் ஒரு ரோபோ உண்டு. திரைப்படங்களில் காண்பது போன்ற மனித உருவம் அன்று. சக்கரங்களின் மீது இயங்கும் தாழ்ந்த மேடை. ஓட்டுநர் இன்றித் தானே வழியறிந்து, கிடங்கிலிருந்து பட்டறைக்குப் பாரம் சுமந்து செல்லும். அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு கணினி. அக்கணினியை இயக்குவது லினக்ஸ். ஒருநாள் மாலை மின்சாரம் நின்று நின்று வந்ததில் அக்கணினி எழவில்லை. திரையில் நாலு வரி எழுத்துத் தோன்றும், அவ்வளவோடு நின்றுவிடும். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸைப் போடு. காலை ஷிப்டுக்கு வண்டி ஓட வேண்டும்" என்று மேலதிகாரி உத்தரவிட்டுச் சென்றுவிட்டார். இவனும் இரவெல்லாம் விழித்து, பென் டிரைவில் கொண்டுவந்த லினக்ஸை நிறுவி, ரோபோவின் செயலிகளைச் சேர்த்து, கூடத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டி அதற்குப் புதிய வரைபடமும் கொடுத்துவிட்டான். விடியற்காலையில் வண்டி ஓடிற்று. எல்லாரும் பாராட்டினார்கள்.

காலை எட்டரை மணிக்கு, ஒரு தூணை ஒட்டிய திருப்பத்தில், கூடத்தைப் பெருக்கும் மூதாட்டி ஒருத்தியின் காலில் அவ்வண்டி மோதிற்று. எதிரில் ஆள் நிற்பதை அது கண்டது, நிற்கவும் முயன்றது. ஆனால் வேகம் மிகுந்திருந்தபடியால் நிற்பதற்கு வேண்டிய தூரம் இல்லை. கணுக்கால் பிசகி, மூன்று வாரம் அந்த அம்மாள் நடக்கவில்லை. எலும்பு முறியாதது பெருமாள் கிருபை.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்ததாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே திருப்பத்தில் அதே போன்றதொரு மோதல் நூலிழையில் தவறியிருக்கிறது. அப்போதிருந்த பொறியாளர், அந்த இடத்தில் வண்டி மெதுவாகச் செல்ல வேண்டும் என்று கணினியில் ஒரு கோப்பில் எழுதி வைத்தார். அதைக் காகிதத்தில் எழுதவில்லை. வேலையை விட்டுச் செல்லும்போது எவரிடமும் சொல்லவுமில்லை. இவன் அழித்தவற்றுள் அந்தக் கோப்பும் ஒன்று.

"சுவாமி, நான் சொன்னதைச் செய்தேன். வண்டி நான் சொல்லியதைச் செய்தது. எழுதி வைக்காதவர் எங்கோ இருக்கிறார். உத்தரவிட்டவர், நீ ஏன் பார்க்கவில்லை என்கிறார். அந்த ஆயா என்னைக் குறை சொல்லவில்லை; 'இயந்திரம்தானே கண்ணு, அதற்கென்ன தெரியும்' என்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பாவம் யாருடையது?"

இதுவே கேள்வி. இதற்கு விடை காண்பதன் முன், அவன் அழித்ததுதான் என்ன என்பதைச் சற்றே அறிந்துகொள்வோம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் உறுப்புகள் ஸ்தூலமானவை, கையால் தொடத்தக்கவை. அவ்வுறுப்புகளை ஒன்றோடொன்று இசைத்து, எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம், எந்தக் கோப்பு எந்த இடத்தில், எந்தக் கருவியின் செய்தி எவரிடம் சேர வேண்டும் என்று ஆளும் மூலச் செயலியே இயங்குதளம். லினக்ஸ் அத்தகைய ஒன்று. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி ஸர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அதன் கருப்பகுதியை எழுதி உலகறிய வெளியிட்டார். அதன் மூலவரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. நம் தேசத்தில் ஸி-டாக் நிறுவனம் அதன்மீது கட்டி 2007-இல் வெளியிட்டதே 'பாஸ்' லினக்ஸ். இன்று ரோபோக்களுக்கான 'ரோஸ்' என்னும் செயலித் தொகுதியும், பெயரில் இயங்குதளம் என்றிருப்பினும், பெரும்பாலும் லினக்ஸின் மீது அமர்ந்தே வேலை செய்கிறது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகப் பறந்த 'இன்ஜெனுவிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டரில் இயங்கியதும் லினக்ஸே.

இதனைப் புதிதாக நிறுவுவது இன்று கடினமான காரியம் அன்று. பென் டிரைவைச் செருகி, கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்தால் அரைமணியில் முடிந்துவிடும். அவ்வினாக்களில் ஒன்று, வட்டு முழுவதையும் அழித்துவிடலாமா என்பது. அவ்விடத்தில் ஒரு விரல் அசைவுதான் வேண்டும்.

ஆனால் லினக்ஸ் மட்டுமா அவ்வட்டில் இருந்தது? கண் போன்ற லேஸர் கருவி வண்டியில் எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டது என்ற அளவு அங்கே இருந்தது. சக்கரம் தேய்ந்தபடியால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று திருத்திய கணக்கும் இருந்தது. எந்தக் கம்பி லேஸருடையது, எந்தக் கம்பி மோட்டாருடையது என்று கணினிக்கு அறிவிக்கும் பெயர்ப்பட்டியலும், எந்த இடத்தில் விரைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்ற வரம்புகளும் இருந்தன. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து மீண்டும் பெறலாம்; உலகெங்கும் அது ஒன்றே. இவையோ அந்த ஒரு வண்டிக்கு, அந்த ஒரு கூடத்தில், யாரோ பட்டறிந்து சேர்த்தவை. இவற்றை வண்டியின் ஸம்ஸ்காரம் என்றே சொல்லலாம். புதிய லினக்ஸுடன் எழுந்த வண்டி, உடலால் பழையது. வாஸனையால் நேற்றுப் பிறந்தது.

கருவிக்குப் பாவம் உண்டோ?

'இயந்திரம்தானே' என்று அந்த மூதாட்டி சொன்னது ஒரு வகையில் சாஸ்த்ர ஸம்மதமே. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், எந்தக் கர்மத்திற்கும் ஐந்து காரணங்கள் என்று பகவான் அருளிச்செய்கிறான்: இடமாகிய சரீரம், செய்வோனாகிய ஜீவன், பலவகைக் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாக தைவம். அந்த தைவம் என்பது அந்தர்யாமியாகிய பரமாத்மாவே என்று எம்பெருமானார் பாஷ்யம் செய்தருளினார். இவ்வைந்தில் ரோபோ எதில் அடங்கும்? கருவியில். அது எவ்வளவு சாமர்த்தியமாக வழியறிந்து சென்றாலும், விருப்பும் வெறுப்பும், செய்தோம் என்ற அபிமானமும் அதனிடம் இல்லை. ஆகவே கர்த்ருத்வமும் இல்லை, பாபமும் இல்லை. அரிவாளுக்குப் பாவமில்லை என்பது போலவே.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரிவாள், அதைப் பிடித்த கை விலகிய கணமே அசைவற்றுவிடும். இந்தக் கருவியோ, எழுதியவன் வீட்டில் உறங்கும்போதும் அவன் எழுதியபடியே ஓடுகிறது. அப்படியானால் அதனிடம் இல்லாத கர்த்ருத்வம் எங்கே போயிற்று? மறைந்துபோகவில்லை. எழுதியவனிடமும், அழித்தவனிடமும், அழிக்கச் சொன்னவனிடமும், சொல்லாமல் சென்றவனிடமும் அது பங்காகச் சேர்கிறது. கருவிக்கு இல்லாத மனம், கருவியைப் பேணுவோரிடம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். கண்ணில்லாதவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவன் தன் கண்ணை மூடிக்கொள்ளலாகாது அன்றோ?

இதை அவனிடம் சொன்னேன். "அப்படியானால் அழித்ததே தவறா, சுவாமி?" என்றான். இல்லை என்பதே அடியேன் பக்ஷம். ஏன் என்பதற்கு, நம் ஆலயங்களிலேயே விடை உள்ளது.

பாலாலயம் கற்பிக்கும் பாடம்

பழுதடைந்ததைக் களைந்து புதிதாக அமைப்பதை ஆகமங்கள் ஒருபோதும் தடுக்கவில்லை. ஜீர்ணோத்தாரணம் என்றே அதற்குத் தனி விதி உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸம்ப்ரோக்ஷணம் செய்வது நாடறிந்த வழக்கம். பீடத்தையும் பிம்பத்தையும் பிணைக்கும் பழைய அஷ்டபந்தனத்தைப் பெயர்த்தெடுத்துப் புதியதைச் சாற்றுகிறோம். விமானத்தின் சுதையை உடைத்துப் புதுப்பிக்கிறோம். உளியும் சுத்தியும் கர்ப்பக்ருஹத்திற்குள்ளேயே நுழைகின்றன.

ஆனால் எந்த வரிசையில்? அதுவே கவனிக்கத்தக்கது. முதலில் மூல பிம்பத்தின் ஸாந்நித்யத்தைக் கும்பத்தில் ஆவாஹனம் செய்து, அதனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறோம். அங்கே நித்ய திருவாராதனம் ஒரு வேளையும் குறையாமல் நடக்கிறது. அதன் பிறகே உளி எடுக்கப்படுகிறது. திருப்பணி முடிந்து, யாகசாலைக் கிரியைகள் நிறைவேறிய பின், கும்பத்திலிருந்து பிம்பத்திற்கு மீண்டும் ஸாந்நித்யம் சேர்க்கப்படுகிறது. பாலாலயம் செய்யாமல் உளி எடுப்பதும், உடைத்த பிறகு பாலாலயத்தைப் பற்றி யோசிப்பதும் அபசாரமாகும். செய்யும் காரியங்கள் அதே காரியங்கள்தாம். வரிசை மாறினால் திருப்பணி இடிப்பாகிவிடுகிறது.

இவ்வரிசையை நாமாக அமைத்துக்கொள்ளவில்லை. ப்ரளயத்தில் எம்பெருமான் உலகை அழிக்கிறான் என்று சொல்லுகிறோம். விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் அது சூன்யமாக்குவது அன்று. சித்தும் அசித்தும் நாமரூபங்களை இழந்து, ஸூக்ஷ்ம நிலையில் அவனுக்குச் சரீரமாகவே ஒடுங்கி நிற்கின்றன. ஜீவர்களின் கர்மக் கணக்கில் ஒரு துளியும் தொலைவதில்லை. அடுத்த ஸ்ருஷ்டியில் ஸூர்ய சந்த்ரர்களை முன்னிருந்தபடியே படைக்கிறான். மத்ஸ்யாவதார சரித்ரத்தைப் பாருங்கள். வெள்ளம் வருமுன்பே ஸத்யவ்ரதனை அழைத்து, ஓஷதிகளையும் விதைகளையும் ஸப்தரிஷிகளையும் படகில் ஏற்றிக்கொள்ளச் சொன்னான் பகவான். மீண்டும் படைக்க வல்ல ஸர்வசக்தனே விதையைக் காத்த பிறகுதான் வெள்ளத்தை விட்டான் என்றால், படைக்க அறியாத நாம் எம்மாத்திரம்?

கணினியிலும் இதற்கு நேரான முறை உண்டு என்று அந்த இளைஞனே சொன்னான். எழாத கணினியின் வட்டில் உள்ளவை பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸைத் தற்காலிகமாக இயக்கி, பழைய வட்டைத் தொடாமல் திறந்து பார்க்கலாம். வட்டு முழுவதையும் எழுத்துக்கு எழுத்தாக வேறொரு வட்டில் படியெடுக்கலாம். படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று கணக்கிட்டுச் சரிபார்க்கவும் வழி உண்டு. அதன் பிறகு அழிக்கலாம். இதற்கு மேலும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடாததே பிழை.

வைத்யன் முறை

இத்தலத்து எம்பெருமான் வைத்யன் என்று திருநாமம் பூண்டவன். சாலிஹோத்ர மஹரிஷியின் சிரத்தில் ஒரு கரத்தை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறான். நாடியறியாமல் மருந்து கொடுப்பவன் வைத்யனாக மாட்டான். நோயின் நிதானம் அறிந்த பின்பே சிகித்ஸை என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை.

புதிதாக நிறுவுதல் என்பது எந்தக் கோளாற்றையும் பெயர் கேட்காமலே போக்கிவிடும் மருந்து போலத் தோன்றுகிறது. அதனாலேயே அது மயக்குகிறது. ஆனால் காரணம் அறியாமல் அழித்தால், காரணம் அப்படியே நிற்கும். இந்த வண்டியில் காரணம் மின்சாரம் நின்று நின்று வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் வட்டில் எழுத்து அரைகுறையாக நின்றுவிடும். அதற்குப் பரிகாரம் மின்கலத்தைச் சீர்செய்வது. லினக்ஸை நூறுமுறை நிறுவினாலும் அடுத்த மின்தடையில் கோளாறு திரும்பி வரும்.

உலகம் கண்ட ஓர் உதாரணத்தைச் சொல்லலாம். 2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'ஸ்பிரிட்' என்னும் ரோபோ வண்டி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிற்று. அதில் இருந்தது லினக்ஸ் அன்று, வேறோர் இயங்குதளம். இறங்கி மூன்று வாரம் ஆவதற்குள் அது பேச்சை நிறுத்திவிட்டது. பல கோடி கிலோமீட்டர்களுக்கு அப்பால் அது அறுபது தடவைக்கு மேல் தானே நின்று தானே எழுந்து தவித்துக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உடனே அழித்துவிடவில்லை. நிலையான நினைவகத்தைத் தொடாமலே எழும்படி முதலில் அதற்குக் கட்டளையிட்டார்கள். மூச்சு வந்தபின் செய்திகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட, அவற்றின் பட்டியலைத் தாங்கவே உழைக்கும் நினைவில் இடம் போதவில்லை என்பது காரணம் என்று கண்டார்கள். அதன் பின்னரே வேண்டாதவற்றை நீக்கி, பிப்ரவரி மாதத்தில் நினைவகம் முழுவதையும் அழித்துப் புதுப்பித்தார்கள். தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென்று அனுப்பிய வண்டி, 2010-ஆம் ஆண்டு மார்ச் வரை செய்தி அனுப்பிற்று. அவர்களும் முடிவில் அழித்தார்கள். ஆனால் எதை, ஏன் என்று அறிந்து அழித்தார்கள். இரண்டுக்கும் உள்ள பேதம் இவ்வளவே.

சொல்லாமற்போன அறிவு

இனி, எழுதி வைக்காமல் சென்ற முன்னவரைப் பற்றி. அவர் தீயவர் அல்லர். ஒரு மூதாட்டியின் கால் தப்பியதைக் கண்டு இரங்கி, வண்டியின் வேகத்தைக் குறைத்தவர். நற்செயல்தான். ஆனால் அந்நற்செயலைத் தன்னோடும் அக்கோப்போடும் நிறுத்திக்கொண்டார்.

திருக்கோஷ்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்த்ரார்த்தத்தை, எம்பெருமானார் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லாரும் கேட்க வெளியிட்டருளியதை நாம் அறிவோம். லினக்ஸின் மூலவரிகள் எவருக்கும் திறந்திருப்பதைக் கேட்டபோது அடியேனுக்கு அந்த நினைவே வந்தது. உலகத்தோர் தம் உழைப்பை மறைக்காமல் கொடுத்தபடியால் அவ்விளைஞன் ஓர் இரவில் ஒரு கணினியை எழுப்ப முடிந்தது. அதே கூடத்தில், பத்தடி தூரத்தில் அமர்ந்திருந்த மனிதரின் அறிவோ அவனை வந்தடையவில்லை. ஸமுத்ரங்களைத் தாண்டி வந்த அறிவு கிடைத்தது. அண்டை மேஜையின் அறிவு தொலைந்தது. இஃது இக்காலத்தின் விசித்திரம்.

திவ்யப்ரபந்தமே ஒருகாலத்தில் வழக்கொழிந்து போனதன்றோ? பத்துப் பாசுரங்களை மட்டும் ஸேவித்த சிலரிடம் மற்றவை எங்கே என்று கேட்டு, அவர்கள் அறியோம் என்றபோது, நாதமுனிகள் திருக்குருகூர் வரை சென்று, மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, நாலாயிரத்தையும் மீட்டருளினார் என்பது குருபரம்பரை. மீட்டது பெரிது. மீட்ட பிறகு அவர் செய்ததும் அதற்குக் குறைந்ததன்று. இசை வகுத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற மருமக்கள் இருவர்க்கும் கற்பித்தார். ஒருவரிடம் மட்டும் வைக்கவில்லை. அன்று அவர் அவ்வாறு செய்திராவிடில், இன்று நம் வீதிகளில் கோஷ்டியின் குரல் கேட்குமா? ஒரு நன்மையைச் செய்பவன், தான் இல்லாத நாளிலும் அது நிற்கும்படி செய்ய வேண்டும். அதுவரை அந்நன்மை பாதியே.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமோ?

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். பழையது எதையும் விடலாகாது என்றால், நோயையும் சேர்த்துக் காத்தவர்கள் ஆவோமே என்று. நியாயமான ஆக்ஷேபம். பழைய வட்டைப் படியெடுத்து அப்படியே திரும்பக் கொட்டினால், பழுதும் உடன் வந்துவிடும். மேலும், இயங்குதளங்களுக்கும் ஆயுள் உண்டு. 2016-இல் வெளிவந்த உபுண்டு லினக்ஸுக்கு இலவசமாகத் திருத்தங்கள் வழங்கும் காலம் 2021 ஏப்ரலில் முடிந்தது; முதல் தலைமுறை ரோஸ் தொகுதியின் கடைசி வெளியீட்டிற்கு 2025 மே மாதத்தோடு ஆதரவு நின்றது. காவல் போன வீட்டில் பழக்கம் காரணமாகவே குடியிருப்பது விவேகம் ஆகாது.

ஆகமமும் இதையே சொல்கிறது. சிறு குறைக்கு ப்ராயச்சித்தம். பெரும் பழுதுக்கு நீக்கம். அங்கம் பின்னமான பிம்பத்தை ஆவாஹனத்தை எடுத்த பின் நீரில் சேர்த்துவிடுகிறோம். ஸாந்நித்யம் காக்கப்படுகிறது, பின்னமான கல் விடப்படுகிறது. ஆகவே, காப்பது என்பது அனைத்தையும் சுமப்பது அன்று. எது கல், எது ஸாந்நித்யம் என்று பகுத்தறிவதே காப்பது. அப்படிப் பகுப்பதற்கும், முதலில் அது கையில் இருக்க வேண்டும். அழித்த பிறகு எதைப் பகுப்பது?

மற்றோர் ஆக்ஷேபம்: உத்தரவிட்டவர் ஒருவர் இருக்க, கூலிக்கு உழைக்கும் பிள்ளையின் தலையில் பழியை ஏற்றலாமா? ஏற்றலாகாது. அவசரப்படுத்தியவரின் பங்கு சிறியதன்று. இரவு முழுதும் வேலை வாங்கிக்கொண்டு, காலையில் 'நீ ஏன் பார்க்கவில்லை' என்பது அறமன்று. ஆயினும், அழிக்கும் விசையின்மேல் இருந்தது இவன் விரல். அக்கணத்தில், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கக்கூடியவனாய் இருந்தவன் இவன் ஒருவனே. பழி பலருக்குப் பங்கிடப்படலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமையைப் பங்கிட முடியாது.

துடைப்பம் ஏந்திய கை

இவ்வளவும் கேட்ட பின் அவன், "இப்போது என்ன செய்வது, சுவாமி? அந்தக் கோப்பு போய்விட்டது. எழுதியவர் கிடைக்கவில்லை. திருப்பத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்திருக்கிறேன். வேறு எங்கெல்லாம் அவர் குறைத்து வைத்திருந்தாரோ, தெரியாது" என்றான்.

அடியேனுக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டேன். "தம்பி, அந்த வண்டி ஓடுவதைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தவர் யார்?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, பெருமாளை ஸேவித்துவிட்டுப் போய்விட்டான்.

பங்குனியில் மறுபடி வந்தான். கால் குணமாகி அந்த மூதாட்டி வேலைக்குத் திரும்பிய அன்றே, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டானாம். பிறகு அவளைக் கூடத்தைச் சுற்றி அழைத்துச் சென்று, முன்பெல்லாம் வண்டி எங்கெங்கே மெதுவாகப் போகும் என்று கேட்டிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் துடைப்பத்தின் நுனியால் நான்கு இடங்களைத் தொட்டுக் காட்டினாளாம். தூணை ஒட்டிய திருப்பம் ஒன்று. கிடங்கின் கதவடி ஒன்று. பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடி ஒன்று. நான்காவது, வெட்டவெளியான ஓர் இடம். அங்கே ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. "மழைக்காலத்தில் கூரை அங்கே ஒழுகும் கண்ணு, தரை வழுக்கும். வண்டி ஒருமுறை சறுக்கிச் சுவரில் மோதியதே" என்றாளாம். அவ்வாண்டு ஐப்பசியில் அக்கூடத்தில் வேலையிலிருந்தவர்களில் இப்போது எஞ்சியிருப்பவள் அவள் ஒருத்தியே.

வட்டில் அழிந்தது, துடைப்பம் ஏந்தியவளின் நெஞ்சில் இருந்தது. வண்டி இழந்த ஸம்ஸ்காரம் முழுவதையும், அவ்வண்டியால் இடிபட்டவளே காத்து வைத்திருந்தாள். அவளை எவரும் கேட்கவில்லை. ஏனெனில் அவள் அறிந்தவள் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நான்கு இடங்களையும் கணினியில் பதிந்து, அதன் படியை வேறிரண்டு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றின் காரணத்தையும் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வண்டி நிற்குமிடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறானாம். முதல் பக்கத்தில், 'அழிக்குமுன் இதைப் படிக்கவும்; படித்தபின் இங்கே வேலை செய்பவர்களைக் கேட்கவும்' என்று எழுதியிருக்கிறானாம். சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி வைத்து முதலில் சோதித்து, பிறகு ஆளில்லாத வேளையில் மெல்ல ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே வேலைக்கு விடுவது என்ற வழக்கத்தையும் ஏற்படுத்தியிருக்கிறானாம். மின்கலத்தை மட்டும் இன்னும் மாற்றித் தரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

"பாவம் யாருடையது என்று கேட்டேனே, சுவாமி" என்று அவன் நினைவூட்டினான். "பலருக்கும் பங்குண்டு தம்பி. ஆனால் கேட்கப் போனவன் நீ ஒருவன்தானே. அதுவே உன் பங்குக்கான ப்ராயச்சித்தம்" என்றேன். அவன் முகம் முழுதும் தெளிந்தது என்று சொல்ல மாட்டேன். ஓரளவு தெளிந்தது.

ஒரு விண்ணப்பம்

யாத்திரிகப் பெருமக்களே! நம்மில் பலர் ரோபோவைக் கண்டிருக்க மாட்டோம். ஆயினும் அழித்து எழுதும் வேளை எல்லார் வாழ்விலும் வருகிறது. பழைய வீட்டை இடிக்கிறோம். தகப்பனார் காலமானதும் அவர் பெட்டியைக் காலி செய்கிறோம். கைபேசி கெட்டால் 'எல்லாவற்றையும் அழித்துக் கொடு' என்று கடைக்காரரிடம் நீட்டுகிறோம். ஒரு பதவிக்கு வந்ததும், முன்னிருந்தவர் செய்ததையெல்லாம் மாற்றுகிறோம். அழிப்பது சில வேளைகளில் கடமையே. ஆனால் அதற்கு முன்னர் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இது ஏன் பழுதாயிற்று? இதில் யாருடைய பட்டறிவு தங்கியிருக்கிறது? அதை அறிந்தவர், நாம் எண்ணிப் பாராத எவரேனும், அருகில் இருக்கிறாரா?

உத்ஸவ வீதியில் அதிகாலையில், திருத்தேர் புறப்படுமுன் பெருக்கிக் கோலமிடும் கைகளை நாளை நீங்கள் காண்பீர்கள். எந்த மூலையில் பள்ளம், எந்தத் திருப்பத்தில் வடம் சிக்கும் என்று அவர்கள் அறிவார்கள். ஒரு நிமிஷம் நின்று அவர்களோடு பேசுங்கள்.

அழித்தும் காத்தும் மீண்டும் படைத்தும் ஒன்றையும் மறவாதிருக்கும் ஸ்ரீ வைத்ய வீரராகவன், அழிக்கும் விரலுக்கு ஒரு கணம் தயக்கத்தையும், கேட்கும் நாவுக்குப் பணிவையும் நம் எல்லோர்க்கும் அருள வேண்டும் என்று பிரார்த்தித்து, அடியேன் அமைகிறேன்.